காலண்டர் அட்டையில் வெட்டிய பேக்கிங்

ஐம்பத்துமூன்றாம் வருஷம், வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை பிடித்து மூன்றாம் நாள். தக்கலையில் திருவனந்தபுரம் ரோட்டோரமாக இருந்த ஞானதாசனின் பட்டறைக்குள் பிற்பகலில் ஒரு லாரி நுழைந்தது. ஓட்டி வந்தவன் அவருடைய ஒரே மகன் செல்வதாஸ். நான்கு வருஷம் புனலூரில் பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தான். கல்யாண வண்டியிலிருந்து இறங்குகிற மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே குதித்தான்.

“நம்ம வண்டிப்பா. பூதப்பாண்டி பகவதியப்பன் பிள்ளைகிட்ட வாங்கினேன். இனி ஒருத்தன் முன்னால கைகட்டி நிக்க வேண்டாம்.”

பட்டாளம் கழித்துப்போட்ட லாரி. பச்சைப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தார்கள். ஞானதாசன் பெயிண்டைப் பார்க்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே முன்பக்கம் போய் ரேடியேட்டருக்குக் கீழே குனிந்தார். அங்கே ஒரு பற்றவைப்பு இருந்தது. அவர் கையால் வைத்தது.

“இதுல ஒரு டிரைவர் செத்துப்போனானாம்” என்றான் செல்வதாஸ், துணியால் கண்ணாடியைத் துடைத்தபடி. “குடிச்சிட்டுப் படுத்தவன் எந்திரிக்கல்லன்னு சொன்னாவ. அதுக்கு வண்டி என்ன செய்யும்?”

குடித்துச் செத்தான் என்ற கதையை ஊருக்கு முதன்முதலாகச் சொன்னவரே ஞானதாசன்தான்.

நடந்தது இதுதான். பேக்கிங் என்பது இரண்டு இரும்புக்கு நடுவே வைக்கிற தகடு. உள்ளே ஓடுவது வெளியே கசியாமல் அடைப்பது அதன் வேலை. தண்ணீர் ஓடும் இடத்துக்கு அட்டை போதும். எண்ணெய் ஓடும் இடத்துக்குத் தக்கை. என்ஜினிலிருந்து நெருப்பும் புகையும் வெளியேறும் இடத்துக்குச் செம்பும் கல்நாரும்தான் வேண்டும். பழைய லாரியானால் இன்னும் கவனம். பத்து வருஷம் சூடேறி ஆறிய வார்ப்பிரும்பு லேசாக வளைந்துபோயிருக்கும். மெல்லிய தகடு போட்டால் அந்த வளைவில் சந்து விழும். தடித்து, அமுங்கிக் கொடுக்கிற பேக்கிங்காகப் பார்த்துப் போட வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்கி, என்ஜினைச் சூடாக்கி, மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும். இத்தனையும் ஞானதாசன் யுத்தகாலத்தில் அஸ்ஸாம் பட்டறையில் ஒரு ஹவில்தாரிடம் ஏச்சு வாங்கிக் கற்றது. தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் அவருக்கு வக்காலத்து வாங்க முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இந்த லாரியை ஓட்டியவன் டைட்டஸ். ஞானதாசனுடைய சபையைச் சேர்ந்தவன். பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடுவான். கள்ளைக் கண்ணால்கூடப் பார்க்காதவன். ஓட்டும்போது தலை வலிக்கிறது, பேக்கிங் எரிந்துவிட்டது, பாருங்கள் என்று வந்து நின்றான். நல்ல பேக்கிங் கையிருப்பில் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து வர இரண்டு நாள் ஆகும். கடியப்பட்டணத்தில் மீன் குவிந்து கிடக்கிறது, வண்டி உடனே வேண்டும் என்று பகவதியப்பன் ஆள்மேல் ஆள் அனுப்பினார். அவருடைய வாடிக்கையை விட மனமில்லாத ஞானதாசன், பட்டறைச் சுவரில் தொங்கிய மிஷன் காலண்டரைக் கழற்றினார். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருக்கிற நல்ல மேய்ப்பன் படம் ஒட்டிய தடித்த அட்டை. அதில் பேக்கிங் வெட்டி, கருப்பு மசகைப் பூசி மாட்டிவிட்டார்.

“அண்ணே, இது நல்லதுதானா?” என்று டைட்டஸ் கேட்டான்.

“கல்நார்லே. நம்பி ஓட்டு” என்றார் ஞானதாசன்.

இரண்டாம் நாள் சரியான பேக்கிங் வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் டைட்டஸ் பட்டறை வழியாகத்தான் லாரியை ஓட்டிப் போனான். கைகாட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், அப்படியானால் முதலில் போட்டது என்ன என்று கேட்பானே? ஞானதாசன் கையைத் தூக்கவில்லை. டைட்டஸ்தான் தலையாட்டிவிட்டுப் போனான்.

கடியப்பட்டணத்தில் அன்று நல்ல மழை. மீன் வள்ளங்கள் கரைக்கு வரவில்லை. அந்த லாரியை அணைத்தால் மழையில் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால் டிரைவர்கள் என்ஜினை ஓடவிட்டே காத்திருப்பார்கள். டைட்டஸும் என்ஜினை ஓடவிட்டு, சாரலுக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணை மூடினான். அட்டைச் சந்தில் கசிந்து வண்டிக்குள் வரும் கரிப்புகையில் கண்ணுக்குத் தெரியாத விஷம் உண்டு. முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வரும். மீன் ஏற்ற வந்தவர்கள் கதவைத் திறந்தபோது அவன் முகம் சிவந்து, உதடு சிவந்து, குடித்து உறங்குகிறவன் போலவே சாய்ந்திருந்தான்.

லாரியைக் கொண்டுவரப் போன ஞானதாசன், போலீஸ் வந்து பார்ப்பதற்கு முன் கருகிய அட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு நல்ல பேக்கிங்கை மாட்டினார். விசாரித்தபோது, வண்டிக்குள் சாராய நாற்றம் அடித்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். சிவந்த முகமும் சாட்சி சொன்னது. சபைப் புத்தகத்தில் டைட்டஸின் பெயரை அடித்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, பாட்டும் ஜெபமும் இல்லாமல் புதைத்தார்கள். அவன் மனைவி நேசபாய் மூன்று முறை பட்டறைக்கு வந்து, என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். மூன்று முறையும் ஞானதாசன் வேலையாக இருந்தார்.

அந்த லாரிதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது. அதை ஓட்டி வந்து நிற்பது அவருடைய மகன். மனைவி ராகேல் போய்ச் சேர்ந்த பிறகு ஞானதாசனுக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரு பிள்ளைதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக பானட்டைத் தூக்கி, புகைக்குழாய் போய்ச் சேரும் வார்ப்பைக் கழற்றிப் பார்த்தார். அன்றைக்கு அவரே மாட்டிய செம்பும் கல்நாரும் அங்கே இருக்க வேண்டும்.

இருந்தது அட்டை.

கருகி, விளிம்பு பொடிந்து, புகை வெளியேறும் துவாரங்களில் மூன்றாவதைச் சுற்றி மட்டும் கருகாமல் இருந்தது. அந்த நகக்கண் அளவு இடத்தில் ஆட்டுக்குட்டியின் காது தெரிந்தது.

பகவதியப்பன் வேறு பட்டறையில் கொடுத்திருப்பார், அங்கேயும் எவனோ அட்டை போட்டிருக்கிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். மிஷன் காலண்டர் எத்தனையோ வீட்டில் தொங்குகிறதே! இருப்பதிலேயே தடித்த பேக்கிங்கைத் தேடி எடுத்தார். இரண்டு முகங்களையும் அரத்தால் ராவி, கண்ணாடிச் சில்லை வைத்து மட்டம் பார்த்து மாட்டினார். நட்டுகளின் தலையில் உளியால் ஒவ்வொரு கோடு போட்டு வைத்தார், யார் தொட்டாலும் தெரியும்படி.

செல்வதாஸ் முதல் லோடு கொண்டுபோய்விட்டு நெற்றியை அமுக்கிக்கொண்டு வந்தான். “மூணாவது துவாரத்துல புகை கசியுதுப்பா. தலை பொளக்கு.”

கோடுகள் போட்ட இடத்தில் அப்படியே இருந்தன. கழற்றினார். உள்ளே அட்டை. இந்த முறை பாதிதான் கருகியிருந்தது. ஆட்டுக்குட்டியின் முகம் முழுசாகத் தெரிந்தது.

மகனிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எந்த வாயால் சொல்வது? இந்த வண்டி வேண்டாம் மக்கா, விற்றுவிடு என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். பேய் பிசாசை நம்புகிற ஆளா நீங்கள் என்று அவன் சிரித்தான். அடுத்த மாதம் சபையில் ஞானதாசனை டீக்கன் பதவியில் வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. அவன் அதையும் சொல்லிக் கேலி செய்தான்.

மூன்றாவது பேக்கிங்கைக் கடையை நம்பாமல் அவரே செய்தார். தனிச் செம்புத் தகடு. உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, பூப்போல மிருதுவாக்கி, துவாரம் துவாரமாக வெட்டினார். வெள்ளிக்கிழமை உச்சி நேரம். மழை வெறித்து, பட்டறைக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. செல்வதாஸ் சாப்பிடப் போயிருந்தான். என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இரண்டாம் முறுக்குக்காக ஸ்பானருடன் குனிந்தார்.

ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. சூடு ஆறுகிற இரும்பு சின்னச் சின்னதாக முறியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

புகை மணம் வந்தது.

என்ஜின் ஓடவில்லை. அவர் சாவியைத் தொட்டுப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. ஆனாலும் மூன்றாவது துவாரத்தின் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று அவர் கன்னத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

யாரோ மூச்சு விடுவதைப் போல.

“அண்ணே.”

அடிக்குரல். பாட்டுக் குழுவில் கேட்ட அதே குரல், இரும்புக்குள்ளிருந்து.

“அண்ணே, இது நல்லதுதானா?”

ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. ஞானதாசன் ரோட்டுக்கு ஓடி வந்து வெயிலில் நின்றார். மேலெல்லாம் வியர்த்தும் குளிர் நடுக்கம் நிற்கவில்லை. அந்த வழியாக வந்த தபால்காரர் காய்ச்சலா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார்.

அன்று மாலையே நேசபாயைப் பார்க்கப் போனார். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓலை வீடு. அவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மிஷன் பங்களாவுக்குக் கொடுக்க லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஞானதாசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அட்டையை, வந்தும் மாட்டாத பேக்கிங்கை, தூக்காத கையை, சொன்ன பொய்யை, இரும்புக்குள்ளிருந்து கேட்ட குரலை. சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. அவள் கையிலிருந்த ஊசிகள் ஒரு முறைகூட நிற்கவில்லை.

“அவனைக் கொஞ்சம் போகச் சொல்லு மக்கா” என்றார். “எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ள.”

“எங்கிட்ட அவிய வரல்லியே” என்றாள் நேசபாய். “ரெண்டு வருஷமா ராத்திரியும் பகலும் அழுது கூப்பிட்டேன். ஒரு சொப்பனத்துலகூட வரல்ல. உங்ககிட்டல்லா வந்திருக்காவ.” அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பிறகு சரிசெய்துகொண்டு, சபை நடுவில் எழுந்து நின்று சொல்லுங்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

சனிக்கிழமை செல்வதாஸ் வழியில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு வந்தான். உதடு வெற்றிலை போட்டவன் போலச் சிவந்திருந்தது. வெற்றிலை போடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடியப்பட்டணத்துக்கு லோடு ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கடியப்பட்டணம் என்ற பெயரைக் கேட்டதும் ஞானதாசனின் தயக்கமெல்லாம் போய்விட்டது. மகனைப் படுக்கச் சொல்லிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அந்த வார்ப்பு முழுவதையும் கழற்றினார். பெரிய இரும்பு. தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ராகேலின் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். நாளைக்குச் சபையில் சொல்லிவிடுவது; டீக்கனும் வேண்டாம், மானமும் வேண்டாம், பிள்ளை இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. சபைக் கோவில் நிறைய ஆள். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டுக்கு முன் ஞானதாசன் எழுந்து, போதகரிடம் கைகாட்டி, சபைக்கு ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்றார். போதகர் தலையசைத்தார். ஞானதாசன் முன்னால் நடந்து வந்து சனங்களைப் பார்த்துத் திரும்பினார். மனசில் வார்த்தைகள் வரிசையாக நின்றன. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

இழுத்தது காற்றாக இல்லை.

சூடாக, கரியாக, நெஞ்சுக்குள் புகை இறங்கியது. அவர் மூக்கின் முன்னால்தான் அந்தத் துவாரம் இருப்பதைப் போல. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “டைட்டஸ் குடிக்கல்ல” என்றார். நாக்கு தடித்துக் குழறியது. “அட்டை... நாந்தான் அட்டை... மேய்ப்பன் படம்...” ஆட்டுக்குட்டி என்று சொல்ல வந்தது எச்சிலாக வழிந்தது. பிடி நழுவி முழங்காலில் விழுந்தார். முகமெல்லாம் செக்கச் சிவந்திருந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்கள் பக்கம் முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்தினார்கள். கர்த்தருடைய வீட்டில் இப்படியா என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். செல்வதாஸ் தலை குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேசபாய் மட்டும் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்கு அந்தப் பெஞ்சுதான் இடம். ஞானதாசன் பக்கத்தில் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிவந்த உதட்டைப் பார்த்தாள். அவர் விடுகிற மூச்சை முகர்ந்தாள். டைட்டஸைக் குளிப்பாட்டியவள் அவள். அந்த மணத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கோவிலில் யாருமில்லை.

“சொல்லு மக்கா” என்று சொல்ல ஞானதாசன் பாடுபட்டார். உதடு மட்டும் அசைந்தது.

போதகர் மேலிருந்து கேட்டார்: “நேசபாய், பக்கத்துல நிக்கியே. உள்ளதைச் சொல்லு. குடிச்சிருக்காரா?”

கோவில் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. அவள் ஒரு சொல் சொன்னால் புருஷனின் பெயர் திரும்பி வரும். அது அவளுக்குத் தெரியும். அதை எடை போடுகிற நேரம் வரைக்கும் நின்றாள்.

“ஆமா ஐயரே” என்றாள். “சாராயம் நாறுது.”

பிறகு, கீழே விழுந்து கிடந்த அவருடைய பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைக்கிற சாக்கில் காதருகே வந்தாள்.

“உள்ளதைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பல்லன்னா எப்படி இருக்கும்னு இப்பம் தெரியுதா அண்ணே?”

அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு நடந்த சுமையை இறக்கி வைத்தவளின் களைப்புதான் இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

செல்வதாஸ் தகப்பனைத் தோளில் தாங்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். அவரைத் திண்ணையில் சாத்திவிட்டு லாரியின் பானட்டைத் தூக்கினான். லோடு ஒப்புக்கொண்ட நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

ஞானதாசன் அங்கிருந்தே பார்த்தார். வார்ப்பு அதன் இடத்தில் இருந்தது. எட்டு நட்டும் முறுக்கியிருந்தது.

அரைஞாணைத் தடவினார். பெட்டிச் சாவி அங்கேயேதான் இருந்தது.

செல்வதாஸ் கைப்பிடி போட்டுச் சுற்றினான். மழையில் பத்துச் சுற்றுக்குக் கிளம்பாத என்ஜின் முதல் சுற்றில் பிடித்துக்கொண்டது. குனிந்து மூன்றாவது துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தான். பொட்டுப் புகை இல்லை. இவ்வளவு அருமையாக மாட்டிவிட்டு எதற்குப் போய்க் குடித்தார் என்று நினைத்தானோ என்னவோ, அவன் கண்ணில் தண்ணீர் வந்தது.

“போவாத மக்கா.” ஞானதாசன் திண்ணையிலிருந்து சரிந்து தரையில் தவழ்ந்தார். நாக்கு இன்னும் குழறியது. “அதுல அவன் இருக்கான். அது அட்டைலே மக்கா. அட்டை.”

“குடிச்சிட்டு எங்கிட்ட பேசாதிய” என்றான் செல்வதாஸ். அவ்வளவுதான். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

லாரி பட்டறையை விட்டுப் பின்னால் வந்து ரோட்டில் ஏறித் திரும்பியது. ஞானதாசன் சேற்றில் முழங்காலிட்டு, கையைத் தூக்கி, நிறுத்து நிறுத்து என்று ஆட்டினார். அந்தத் திருப்பத்தில் வண்டிக்குள் முழுசாகத் தெரிந்தது. மகனுடைய இரண்டு கைகளும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தன. பக்கத்து சீட்டில் யாருமில்லை.

அந்த யாருமில்லாத பக்கத்துக் கண்ணாடி, மெதுவாக, ஒரே சீராக, மேல் விளிம்பு வரைக்கும் ஏறியது.